எட்டு நாள்தாங்க

உண்மையின் விலை, அந்தக் கட்டடத்தில், சரியாகப் பாதி. பத்து நாள் வேலையைப் பத்து நாள் என்று சொன்னவனுக்கு ஐந்து நாள்தான் கிடைக்கும். இருபது என்று சொன்னவனுக்குப் பத்து கிடைக்கும். அவன் சிரித்துக்கொண்டே போவான். இந்த விலையை வைத்தவள் அங்கே கட்டுமான மேலாளர். நேரில் அவளுக்குப் பெயர் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'பாதி'.

பாதிக்குத் தன் பட்டப்பெயர் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. துணிக்கடைக்காரர் மகள் அவள். கடையில் முதலில் சொல்லும் விலை வெறும் வணக்கம் மாதிரி, பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்று பால்பல் விழும் முன்பே கற்றிருந்தாள். அப்புறம் கல்லூரிக்குப் போய்க் கட்டுமான மேலாண்மை படித்தாள். எந்த வேலை முடிந்தால் எந்த வேலை, எவை இரண்டைச் சேர்த்து நடத்தலாம், எது பிந்தினால் மொத்தக் கட்டடமும் பிந்தும் என்பதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்தது. ஆட்கள் வாயால் சொல்லும் நாள் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தை அவள் அப்பாவின் கடையிலிருந்து மண் எடுத்து நிரப்பிக்கொண்டாள்.

இப்போது கட்டிக்கொண்டிருப்பது இரண்டு மாடிப் பிரசவ மருத்துவமனை. அதன் சொந்தக்காரரான டாக்டரம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "சொன்ன தேதியில சாவி என் கைக்கு வந்தா, பக்கத்து மனையில வர்ற பெரிய கட்டடமும் உங்களுக்குத்தான். வரலைன்னா வேற ஆள் பார்ப்பேன்." அந்த வேற ஆளும் சும்மா இருக்கவில்லை. போன வாரம் வந்து பக்கத்து மனையைக் காலடியால் அளந்துவிட்டுப் போயிருந்தான். பாதி இதுவரை ஒரு சாவியையும் தேதி தவறிக் கொடுத்ததில்லை. இதைத் தவறவிட்டால் பெயரும் போகும், பக்கத்து மனையும் போகும்.

திங்கட்கிழமைக் கூட்டம் தகரக் கொட்டகையில் நடந்தது. சுவரில் வெள்ளைப் பலகை, அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு. கோட்டின் நீளம் எவ்வளவு என்பதற்குத்தான் சண்டை.

"கரண்ட், மேல் மாடி வயரிங் எத்தனை நாள்?"

எலெக்ட்ரீஷியனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் முகத்தில் உடனே துக்க வீட்டுக் களை வந்து உட்கார்ந்தது. "பதினாலு நாள் ஆகும் மேடம்."

"ஆறு."

"மேடம், எனக்கு இருக்கறது ரெண்டே கை."

"தெரியும். கைக்கு மூணு நாள்னுதான் போட்டிருக்கேன்."

கொட்டகை சிரித்தது. ஏழில் பேரம் படிந்தது. கரண்ட் சொத்தை எழுதிக்கொடுத்தவன் போலப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். அவனுக்கு உண்மையில் தேவை ஐந்து.

டைல்ஸ் ஒட்டும் பெரியவரை எல்லோரும் சித்தப்பா என்பார்கள். அவர் பத்து கேட்டு, முட்டிவலியைச் சாட்சிக்கு அழைத்து, ஐந்து வாங்கினார். அடுத்து, மாடிக் குளியலறைகளில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு. அதற்கு ஆள் புதிது. வேதியியல் படித்துவிட்டு இந்தத் தொழிலை நடத்துகிற பெண். வந்த அன்றே 'கெமிஸ்ட்ரி' என்று பெயர் விழுந்துவிட்டது.

"எத்தனை நாள்?"

"எட்டு நாள்தாங்க."

"நாலு."

"எட்டு நாள்தாங்க." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சித்தப்பா அவள் பக்கம் சாய்ந்து, ரகசியமாக, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏம்மா, பதினாறுன்னு ஆரம்பிச்சிருக்கக் கூடாதா?"

"எதுக்குங்க? எட்டுதானே ஆகும்?"

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது. பாதியும் சிரித்தாள். அப்பாவின் கடைக்கும் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். ஒரே விலையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நிற்பது அவர்களுடைய தந்திரம். கொஞ்சம் விட்டுக்கொடுத்து அனுப்பிவிட வேண்டும். "புதுசா வந்திருக்கீங்க. உங்களுக்காக அஞ்சு," என்று தாராள மனசோடு எழுதினாள். கெமிஸ்ட்ரி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பேரம் படிந்தது என்று பாதி அடுத்த கோட்டுக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் மதியம் மாடிக்கு ஏறிய பாதி, குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். நான்கு அறைகளிலும் வடிகால் ஓட்டையை அடைத்துக் கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது.

"என்னது இது, நீச்சல் குளமா?"

"சோதனை மேடம்," என்றாள் கெமிஸ்ட்ரி. "ரெண்டு பூச்சு பூசி, காய வெச்சாச்சு. இனி மூணு நாள் தண்ணி நிக்கணும். கீழ் ரூம் கூரையில ஈரம் தெரியலைன்னா அப்புறம் டைல்ஸ் போடலாம்."

"நாளைக்குக் காலைல டைல்ஸ். அட்டவணையில இருக்கு."

"அட்டவணையைத் தண்ணிக்குப் படிக்கத் தெரியாதே மேடம்."

"ஒரு நாள் நின்னாப் போதாதா?"

"நிறுத்தலாம். பாதிதான் தெரியும்."

பின்னால் நின்ற சித்தப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பாதி மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். டைல்ஸ் தள்ளிப்போனால் கதவு தள்ளிப்போகும், கதவு தள்ளிப்போனால் பெயிண்ட், பெயிண்ட் தள்ளிப்போனால் சாவி. "காலைல தண்ணிய வெளியேத்திடுங்க. சித்தப்பா, எட்டு மணிக்கு ஆரம்பிச்சுடுங்க."

"கீழ இருக்கறது பிரசவ ரூம் மேடம்," என்றாள் கெமிஸ்ட்ரி.

பாதிக்கு அன்று வேறு அவசரம் இருந்தது. மகளின் பள்ளியில் நாடகம். பத்து வயது மகளுக்குக் கதவு வேஷம். ஆமாம், கதவு. அட்டையில் செய்து, பிடியெல்லாம் வைத்து, நடுவில் முகத்துக்கு ஓட்டை. வசனம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வீட்டில் ஒரு மாதமாக யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தாள்.

நாடகம் நாலரைக்கு என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவர். எந்த வண்டி எவ்வளவு பிந்தி வருகிறது என்று எழுதுவதுதான் வேலை. வீட்டிலும் அந்த உத்தியோகத்தை விடவில்லை. மனைவி பிந்தித்தான் வருவாள் என்று தெரிந்து, எதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்வார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்து பாதி ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்வாள். ஆக, நாலரை என்றால் ஐந்தரை. அவள் ஐந்தேகாலுக்கே பள்ளி வாசலில் இறங்கினாள். கால் மணி நேரம் முன்னால்! தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளத் தோன்றியது.

உள்ளே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் திரையை மடித்துக்கொண்டிருந்தார். கணவர் அட்டைக் கதவைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"முடிஞ்சு போச்சா?"

"முடிஞ்சு நேரமாச்சு."

"நாலரைன்னா எப்பவும் அஞ்சரைதானே?"

"எப்பவும் அப்படித்தான். இந்தத் தடவை உள்ளதையே சொன்னேன்."

"ஏன்?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் கதவுப் பிடியை ஒட்டியிருந்த பசைத் தாளை உரித்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான்மா சொன்னேன். அம்மாகிட்ட எதுக்குப்பா பொய் சொல்றீங்க, நிஜ நேரத்தைச் சொல்லுங்க, வந்துடுவாங்கன்னு."

அழுதிருந்தால் பாதிக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் அழவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஏறாமலும் இறங்காமலும் வந்த அந்தக் குரலைப் பாதி ஏற்கெனவே எங்கோ கேட்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் கதவு ஒரு இருக்கையை அடைத்துக்கொண்டது. "கதவுக்கும் டிக்கெட்டா, இல்ல மடியில வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் போனார். மகள் சிரித்தாள். பாதிக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே கேட்ட குரல் என்று அதற்குள் பிடிபட்டிருந்தது. கைப்பேசியை எடுத்துக் கெமிஸ்ட்ரியை அழைத்தாள்.

"தண்ணிய எடுத்துட்டீங்களா?"

"காலைலன்னுதானே சொன்னீங்க மேடம்."

"எடுக்காதீங்க. மூணு நாளும் நிக்கட்டும்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் கூட்டத்துல எட்டுன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. மூணாவது தடவை ஏன் சொல்லல?"

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "எல்லாரும் சிரிச்சாங்க. புது இடம், முதல் நாளே வம்பு எதுக்குன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது மேடம். அது என் தப்புதான்."

மறுநாள் காலை எல்லோரையும் கொட்டகைக்கு அழைத்த பாதி, பலகையைத் துடைத்துவிட்டாள். கோடுகள் போய் வெறும் வெள்ளை. சித்தப்பா ஒரு மரணச் செய்தியை எதிர்பார்ப்பவர் போல எழுந்து நின்றார்.

"உக்காருங்க. இனிமே நீங்க சொல்ற நாளை நான் வெட்ட மாட்டேன். ஆனா உண்மையான நாளைச் சொல்லணும். கையில மிச்சம் வெச்சிருக்கற நாளையெல்லாம் இங்க, கடைசியில, ஒரே இடத்துல போடுவோம். யாருக்கு வேலை இழுக்குதோ அவங்க கேட்டு எடுத்துக்கலாம். அவங்கவங்க மடியில மறைச்சு வெச்சா யாருக்கும் உதவாது."

இது எந்த ஊர் வியாபாரத் தந்திரம் என்று எல்லோரும் யோசிப்பது தெரிந்தது.

சித்தப்பாதான் முதலில் பேசினார். "நீங்க வெட்ட மாட்டீங்கன்னா நாங்க எதுக்கும்மா கூட்டிச் சொல்லப் போறோம்? எங்களுக்கு மட்டும் பொய் சொல்ல ஆசையா?"

"எனக்குக் கொஞ்சம் ஆசைதான்," என்றான் கரண்ட்.

"நீ சொல்லு, உன் மடியில எவ்வளவு இருக்கு?" என்றாள் பாதி.

"ஒரு நாள் தரேன் மேடம்."

"ரெண்டு."

"ஒண்ணரை."

"உண்மைக்கும் பேரமா?" என்றாள் கெமிஸ்ட்ரி. கூட்டத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. கரண்ட் அசட்டுச் சிரிப்போடு இரண்டையும் கொடுத்தான். சித்தப்பா, முட்டிவலி அவ்வளவு மோசமில்லை என்று ஒப்புக்கொண்டு ஒன்று கொடுத்தார். தண்ணீர் கேட்ட மூன்று சேர்ந்துவிட்டது.

தேங்கிய தண்ணீரின் இரண்டாம் நாள், பிரசவ அறையின் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரக் கறை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். சொட்டு ஒன்று பெருத்து, யோசித்து, தரையில் விழுந்தது.

"இந்த ரூம்ல முதல் பனிக்குடம் உடைஞ்சாச்சு மேடம்," என்றான் கரண்ட்.

மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால் இது தெரியவந்திருக்கும் நாளைப் பாதி நினைத்துப் பார்த்தாள். கீழே கட்டிலில் ஒருத்தி வலியில் படுத்திருக்கும் நாளாக இருந்திருக்கும். அதற்கு மேல் நினைக்கவில்லை. பூச்சு நன்றாகவே இருந்தது. குழாயின் கழுத்தில்தான் இடைவெளி. கெமிஸ்ட்ரி அதைத் திறந்து, அடைத்து, மறுபடி பூசி, மறுபடி தண்ணீர் நிறுத்தினாள். மற்ற மூன்று குளியலறைகளும் மூன்று நாள் சோதனையில் தேறியதும் சித்தப்பா அவற்றில் ஆரம்பித்துவிட்டார். அப்படியும் அந்த நான்காவதால் மொத்தக் கணக்கில் ஒரு நாள் கூடியது. பொதுவில் போட்டு வைத்த மிச்சமோ தீர்ந்துவிட்டது.

கடைசி வாரம் வரை காத்திருந்து, மழை மேலோ லாரி மேலோ பழியைப் போடலாம். அதுதான் வழக்கம். பாதி அன்றைக்கே டாக்டரம்மாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"டாக்டர், சாவி ஒரு நாள் தாமதமாகும்."

"எதுலேர்ந்து ஒரு நாள்?"

"நான் சொன்ன தேதியிலேர்ந்து."

டாக்டரம்மா சிரித்தார். "அந்தத் தேதியா? நான் அதுக்கு மேல பன்னெண்டு நாள் தள்ளித்தானே கட்டில்காரங்களை வரச் சொல்லியிருக்கேன். கர்ப்பிணிக்கு நான் சொல்ற தேதியும் கட்டடக்காரங்க எனக்குச் சொல்ற தேதியும் ஒண்ணும்மா. முன்னப்பின்னத்தான் வரும்."

"அப்போ சொன்ன தேதியில குடுத்தாத்தான் அடுத்த கட்டடம்னு சொன்னது?"

"அப்படி மிரட்டினாத்தானே பன்னெண்டு நாளுக்குள்ளயாவது குடுப்பீங்க!"

இத்தனை வருஷம் தூக்கத்தை விட்டுக் காப்பாற்றிய தேதிகளையெல்லாம் பாதி ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். அந்தந்தத் தேதியில் சாவியை நீட்டியபோது வாங்கியவர்கள் ஏன் விழித்தார்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. "தாமதமாகும்னு முன்னாடியே கூப்பிட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். பக்கத்து மனையில கட்டடம் எழுப்ப எத்தனை மாசம் ஆகும்?"

நாக்கு நுனியில் 'இருபத்திரண்டு' தயாராக நின்றது. பாதி அதை விழுங்கினாள். "பதினோரு மாசம்."

"ஆறுல முடிங்க."

"பதினோரு மாசம்தாங்க."

"எட்டு?"

"மூணாவது தடவையும் சொல்றேன் டாக்டர். பதினோரு மாசம்தாங்க."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் ஒலி. "சரி. பதினொண்ணுன்னே எழுதிக்கறேன்."

அன்று மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிப் பாதி ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. அவள் ஆறு என்றால் எட்டு என்பது வீட்டார் கணக்கு. கணவரும் மகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள், படியில் உட்கார்ந்திருந்தவளை யாரோ விருந்தாளி என்று நினைத்தார்கள். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், அதைக் காதில் வைத்தும் பார்த்தார்.

கூடத்தில் அட்டைக் கதவு சுவரில் சாய்ந்து நின்றது. "அந்த வசனம் என்ன? ஒரு தடவை சொல்லேன்," என்றாள் பாதி.

"நாடகம் முடிஞ்சிடுச்சேம்மா," என்றாள் மகள். கோபம் இல்லை, தகவல்தான். "அடுத்த நாடகத்துல ஜன்னல் வேஷம். ரெண்டு வசனம். நேரம் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நிஜ நேரமா, அப்பா நேரமா?"

"நிஜ நேரம்."

"பார்ப்போம்," என்றாள் மகள், துணிக்கடைக்காரரின் பேத்தி.

கணக்கு இப்படி நின்றது. கரண்ட் கொடுத்தது இரண்டு, சித்தப்பா கொடுத்தது ஒன்று. தண்ணீர் எடுத்தது நான்கு. துண்டு விழுந்த ஒன்றை டாக்டரம்மா தன் பன்னிரண்டிலிருந்து கழித்துக்கொண்டார். கட்டடத்தில் வரவும் செலவும் நேர். வீட்டுக்குப் பாக்கி: ஒரு கதவு, ஒரு வசனம்.