கடிகாரம்: சரி

வானிலை நிலையத்தில் அவருக்குப் பெயர் சொட்டு. பதினொரு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியின் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் எழுதுகிறவர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை தங்கை வந்து அவருடைய மேசை முன் நின்றாள். உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

அவளுடைய கணவர் பஸ் ஓட்டுநர். செவ்வாய் மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, நிலையத்தின் வாசலுக்கு நேர் எதிரே, அவருடைய பஸ் சறுக்கி நிறுத்தத்துக் கூரையில் மோதியது. இரண்டு பேருக்குக் கை முறிந்தது. நேரத்தை பஸ்ஸில் இருந்த கருவி பதிந்துவைத்திருந்தது. மழை பிடித்திருந்தது, சாலை வழுக்கியது என்றார் மாப்பிள்ளை. காய்ந்த சாலையில் கவனக்குறைவு என்றது நிர்வாகம். பயணிகளைக் கேட்டால் எல்லோருமே நனைந்திருந்தார்கள். மோதியதற்கு முன்னால் நனைந்தார்களா, இறங்கி நின்றபோது நனைந்தார்களா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை. அந்த நேரத்தில் மழை என்று நிரூபித்தால் வேலை தங்கும். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

விசாரணை அதிகாரி நிலையத்தின் பதிவேட்டு நகலை ஏற்கெனவே வாங்கியிருந்தார். செவ்வாய்: 0.0. புதன்: 11.4 மில்லிமீட்டர்.

"செவ்வாய்க்கிழமை மழையே இல்லன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியே அண்ணா."

காலை எட்டரைக்கு அளப்பது அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்து மழை, அளந்த நாளின் பெயரில்தான் எழுதுவது வழக்கம், ஆகவே செவ்வாய் மாலை மழை புதன் கணக்கு என்று அவர் விளக்கினார். இதையே அதிகாரிக்கும் தொலைபேசியில் மூன்று முறை விளக்கி, தொண்டை வறண்டதுதான் மிச்சம். எனக்குக் கிழமை போதும், பாடம் வேண்டாம் என்று அந்த மனிதர் வைத்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை பொறந்த குழந்தைய புதன்கிழமை எடை பாத்தா, பொறந்தது புதன்கிழமைன்னா எழுதுவீங்க?" என்றாள் தங்கை.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, தானாகப் பதியும் மழைமானியின் தாளை எடுத்து விரித்தார். விழும் மழை ஒரு மிதவையை உயர்த்தும், மிதவை பேனாவை உயர்த்தும். பேனா, கடிகாரம் சுழற்றும் உருளையில் சுற்றிய தாளில் கோடு போடும். மழை எந்த நிமிடம் தொடங்கியது என்று தாளே சொல்லும். கோடு ஏறிக்கொண்டே போய்ச் செங்குத்தாக விழுந்த இடத்தில் அவள் விரலை வைத்தாள். மழை இங்கே நின்றுவிட்டதா என்று கேட்டாள். பத்து மில்லிமீட்டர் ஆனதும் தொட்டி தானாகக் காலியாகும், பேனா கீழே விழுந்து மறுபடி ஏறும், மழை பாட்டுக்குப் பெய்யும் என்றார். சொல்லும்போதே பொறுமை தேய்ந்தது.

கோடு ஏறத் தொடங்கிய இடம் 6.20.



"பதினஞ்சு நிமிஷம்தானே," என்றாள் கடைசியில். "பேனாவால கொஞ்சம் இழுத்துவிட்டா என்ன?"

"இழுக்க மாட்டேன்."

"உன் சொட்டு பெருசு. எங்க சோறு சிறுசு." கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

இழுக்க மாட்டார். ஆனால் தாளை விட்டுக் கண்ணையும் எடுக்க முடியவில்லை. தினமும் தாளை மாற்றுவதற்கு முன், எட்டரைக்குப் பேனாவை லேசாகத் தட்டி ஒரு புள்ளி வைப்பார். கடிகாரம் ஒழுங்காக ஓடினால் புள்ளி எட்டரைக் கோட்டில் விழ வேண்டும். புதன்கிழமைப் புள்ளி 9.18இல் இருந்தது.

ஒரு நாளில் நாற்பத்தெட்டு நிமிடம் வேகம். மணிக்கு இரண்டு நிமிடம். தாளை மாட்டிய செவ்வாய்க் காலை எட்டரையிலிருந்து கணக்குப் போட்டார். மழை தொடங்கியது 6.20க்கு அல்ல, 6.01க்கு. பஸ் சறுக்குவதற்கு நான்கு நிமிடம் முன்னால். சாலையில் படிந்த எண்ணெயைத் தண்ணீர் கிளப்பிவிட்டு, கழுவிக்கொண்டு போக இன்னும் நேரம் வராத அந்த நான்கு நிமிடம்.

எழுந்து குதித்திருக்கலாம். பதிவேட்டைப் புரட்டினார். புதன்கிழமை, 'கடிகாரம்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து: சரி. முந்தைய நாள்: சரி. அதற்கு முந்தைய நாள்: சரி. பன்னிரண்டு நாள் தாள்களிலும் புள்ளி கோட்டைத் தாண்டி நாளுக்கு நாள் விலகிப்போயிருந்தது. பன்னிரண்டு நாளும் சரி. தண்ணீருக்கு நேரே வைத்த கண்ணைப் புள்ளிக்கு நேரே வைக்கவில்லை. இதே தப்புக்குப் போன வருடம் உடன் வேலை பார்த்த ஒருவரை எல்லோர் முன்னாலும் திட்டிக் கிழித்திருந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை.

திருத்தக் கடிதம் எழுதி நிலையத் தலைவரிடம் நீட்டினார். பன்னிரண்டு நாள் மழை நேரமும் சந்தேகப் பட்டியலில் போகும், விளக்கம் கேட்டு மேலிடம் உயிரை வாங்கும் என்றார் தலைவர். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் சரியை நீயே தப்புன்னு எழுதணுமா சொட்டு?"

"ஆமா சார். தப்புதானே."

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பன்னிரண்டு தாள்களையும் வரிசையாகப் பரப்பி, புள்ளி புள்ளியாக விரலால் தொட்டார்.

"ரிஜிஸ்டர்ல புதன்கிழமை. பேப்பர்ல 6.20. நீங்க சொல்றது 6.01. இதுல எது சார் மழை?"

"6.01. கடிகாரம் ஓடுனது தப்பு. பாக்காம சரின்னு போட்டது நான்."

அதிகாரி பெருமூச்சு விட்டு, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தார்.

வெளியே மாப்பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தால் மாப்பிள்ளை வாயிலிருந்து எரிச்சல்தான் வந்தது.

"ரோடு நனைஞ்சிருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன் மச்சான். உங்க மிஷினக் கேட்ட நேரத்துக்கு என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."



திங்கட்கிழமை மாப்பிள்ளை பஸ் எடுத்தார். அதே காலை சொட்டுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எட்டரைக்குப் பேனாவைத் தட்டினார். குனிந்து, கண்ணைப் புள்ளிக்கு நேரே வைத்தார். நாற்பத்தொன்பது நிமிடம். பதிவேட்டில் 'கடிகாரம்' கட்டம் 'சரி' என்ற இரண்டெழுத்துக்கு மேல் தாங்காது. 'நாற்பத்தொன்பது நிமிடம் வேகம்' என்று எழுதியதில் பாதி பக்கத்துக் கட்டத்தில், மழை அளவின் மேல் ஏறி உட்கார்ந்தது.