இருமல் குடியிருந்த விலாசம்

லிஃப்ட் மெக்கானிக் வெளிநாட்டுக்குக் குடிபோன பிறகும் அவருடைய சத்தம் மட்டும் தினமும் சாயங்காலம் பழைய வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கேட் தாழ்ப்பாள் திறக்கும், ஷூ கழலும், ஓர் இருமல், பிறகு குளியலறையில் வாளி நகரும். ஆள் இருக்கமாட்டார். முதல் வாரம் அவர் மனைவி மகளை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அப்புறம், கட்டினவர் சத்தத்துக்கு என்ன பயம் என்று துண்டை எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். மகள் அந்த இருமல் கேட்டால்தான் பாடப் புத்தகத்தைத் திறப்பாள். "உனக்குச் சத்தமாவது நேரத்துக்கு வருது, எனக்கு வாய்ச்சது ஆளோட காணாமப் போகுது" என்று எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள்.

வெளிநாட்டில் அவருக்குப் பேச்சு உண்டே தவிர வேறு சத்தம் கிடையாது. கூட வேலை செய்தவர்கள் பூனை என்று பேர் வைத்தார்கள். குழிக்குள் ஆள் இருப்பது தெரியாமல் லிஃப்டை இறக்கிவிடப் போகிறார்கள் என்று ஃபோர்மேன் அவர் இடுப்பில் மணி கட்டினார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். தனி வீடு இருந்தால்தான் மனைவிக்கும் மகளுக்கும் விசா. வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலெல்லாம் கடனும் விலாசமும் பதிவாகியிருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். அதில் அவர் இன்னும் பழைய விலாசத்திலேயே குடியிருந்தார். ரிப்போர்ட் கம்பெனியைக் கேட்டால், ஊரில் இருக்கும் வங்கி சொல்லட்டும் என்றது. வங்கியைக் கேட்டால், நேரில் விசாரிக்காமல் மாற்றமாட்டோம் என்றது.

வங்கி அனுப்பிய ஆள் சாயங்காலமாகப் பார்த்து வந்தார். அவர் இங்கே இல்லை என்று மனைவி சொல்லி வாய் மூடவில்லை, வாளி நகர்ந்தது.

"உள்ள குளிக்கிறது யாரும்மா?"

பொய் சொல்லத் தெரியாதவள், "அவர்தான்" என்றாள். குடியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார் வந்தவர்.

போனில் மெக்கானிக் கத்தித் தீர்த்தார். "விடுங்க, மாத்த வேணாம்" என்றாள் அவள். "சத்தமாவது வந்துட்டுப் போகட்டும்."

"சத்தத்தோட குடும்பம் நடத்துவியா?"

"இவ்வளவு நாளா நடத்திட்டுத்தானே இருக்கேன்."

அதற்கப்புறமும் இருவரும் போனை வைக்கவில்லை.

அவள் மனம் மாறியது மகளால். அப்பா எவ்வளவு உயரம் என்று ஒருநாள் அது கேட்டது. நிலைக்கதவில் கை வைத்துக் காட்டப் போனவளுக்குக் கையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஏற்றினாள், இறக்கினாள். அன்று அவளுக்கு அவர் வேண்டும் போலிருந்தது. தொட்டுப் பார்க்க, சண்டை போட, முழு ஆளாக.

மறுபடி விசாரிக்கச் சொல்லி வங்கிக்கு மெக்கானிக்கை எழுதவைத்தாள். வங்கி ஆள் வந்த சாயங்காலம் அவள் கேட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொண்டாள். தாழ்ப்பாள் அசைந்தது. "உள்ள வராதீங்க. நீங்க அங்கேயே இருங்க, நாங்க வர்றோம்" என்றாள் சத்தத்திடம். வெளியே ஒருதரம் இருமல் கேட்டது. பிறகு ஷூ சத்தம் தெருவோடு நடந்து போய்விட்டது. வங்கி ஆள் அது தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, குடிபெயர்ந்துவிட்டார் என்று எழுதினார்.

ரிப்போர்ட்டில் விலாசம் மாறிய அன்று மெக்கானிக் வேலையிடத்தில் இருமினார். ஃபோர்மேன் வந்து மணியை அவிழ்த்துக்கொண்டார். வீடு கிடைத்தது. விசாதான் ஆடி அசைந்து வந்தது. அதுவரை அவர் தினமும் புது வீட்டு வாசலில் நின்று அவளுக்குப் போன் போட்டு, போனைத் தரையில் வைத்துவிட்டு ஷூவைக் கழற்றினார். கழற்றி முடிக்கும்வரை அவள் பேசமாட்டாள்.

"வந்துட்டீங்களா?" என்பாள் பிறகு.

"வந்துட்டேன்" என்பார் அவர்.