தனித் தட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மேசையில் நீலக்கரை போட்ட பீங்கான் தட்டுகள் நான்கு இருந்தன. தபிதாவின் முன்னால் மட்டும் காகிதத் தட்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் முள்கரண்டி, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற கோப்பை. பீங்கான் பற்றாமல் போய்விடவில்லை. அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் எட்டு தட்டுகள் அடுக்கியிருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது.

வான்டாவின் மகன் ட்ராவிஸ் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பெண் தபிதா. நாலு மாதமாக ஞாயிறுதோறும் அதே நாற்காலியில், அதே நீலக்கரைத் தட்டில் சாப்பிட்டவள். அவள் காகிதத் தட்டைப் பார்த்தாள். பிறகு வான்டாவைப் பார்த்தாள். வான்டா சோளரொட்டியைத் துணிபோட்டு மூடுவதில் மும்முரமாக இருந்தாள். வான்டாவின் புருஷன் உப்புக் குப்பியைத் தேடினார்; அது அவர் கைக்கெதிரேதான் இருந்தது.

ட்ராவிஸுக்குக் கழுத்துவரை முகம் சிவந்துவிட்டது. தன் தட்டை அவள் பக்கம் தள்ளி, காகிதத் தட்டைத் தன் பக்கம் இழுக்கப் போனான். தபிதா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு. சாப்பாடு ஆறிடும்," என்றாள்.

எதிரே இருந்த ஷெல்பி சோளரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். ட்ராவிஸின் தங்கை அவள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தட்டை வைத்தது அம்மாதான். ஆனால் அம்மாவின் கையில் அதைக் கொடுத்தது யார் என்று ஷெல்பிக்குத் தெரியும்.

படிப்பின் பகுதியாக அவள் வாரத்துக்கு இரண்டு நாள் சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போய்வந்தாள். மறுநாள் வரப்போகிறவர்களின் கோப்புகளைக் கணினியில் சரிபார்ப்பது அவள் வேலை. அப்படி ஒருநாள் தபிதாவின் பெயர் வந்தது. எச்.ஐ.வி.; ஆறு வருடமாக மாத்திரை; பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி கட்டுக்குள் இருக்கிறது. தெரிந்தவர்களின் கோப்பு என்றால் உடனே மூடிவிட்டு மேற்பார்வை நர்ஸிடம் சொல்லவேண்டும். ஷெல்பி மூடவில்லை. கடைசி வரிவரை படித்தாள். அன்று மாலை அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது சொல்லியும்விட்டாள்.

அண்ணனுக்குத் தெரியாதோ என்ற கவலையில்தான் சொன்னேன் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அது பாதி உண்மை. யாருக்கும் தெரியாத ஒன்று தன் வாயில் இருக்கிறது என்ற குறுகுறுப்பு மீதிப் பாதி. அண்ணனுக்கோ, பழகிய முதல் வாரமே தபிதா சொல்லியிருந்தாள்.

தட்டில் தொற்றாது, தொட்டால் தொற்றாது என்றெல்லாம் ஷெல்பி அன்றே விளக்கத்தான் செய்தாள்.

"நீ புஸ்தகத்துல படிச்சதைச் சொல்றே. நான் என் வீட்டைப் பாக்கணும்ல," என்றாள் வான்டா.

வீட்டோடு நின்றிருந்தாலும் ஒருவேளை ஆறியிருக்கும். வான்டா அதைத் தன் சிநேகிதி லொரெட்டாவிடம் சொன்னாள். வம்பாக அல்ல, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லி. லொரெட்டா ஜெபக்குழுவில் சொன்னாள். அந்தச் சின்ன மலையூரில் பத்தே நாளில் ஜெபிக்காதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. தபிதா பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவள். பெற்றோர் சிலர் தொலைபேசியில் அழைத்தார்கள். வேலையைவிட்டு நீக்கினால் சட்டம் பிடிக்கும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும், அதனால் நீக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, டப்பாக்கள் அடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள்.

தபிதா சுகாதார நிலையத்தில் புகார் கொடுத்தாள். அவள் கோப்பைத் திறந்தவர்கள் நாலே பேர்: டாக்டர், நர்ஸ், ஷெல்பி, முன்மேசையில் உட்காரும் பெவர்லி. பெவர்லி பத்தொன்பது வருடமாக அங்கே வேலை பார்ப்பவள். போதாததற்கு லொரெட்டாவின் ஜெபக்குழுவில் இருப்பவள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். ஷெல்பியையும் கேட்டார்கள். இல்லை என்றாள். கட்டிக்கொள்ளப்போகிறவனின் தங்கை, அவள் ஏன் சொல்லப்போகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் வகுப்பில் நெறிமுறையும் சட்டமும் பாடத்தில் பரீட்சை. நோயாளியின் விவரத்தை வெளியே சொன்ன ஊழியரைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. ஷெல்பி இரண்டு பக்கம் எழுதினாள். முழு மதிப்பெண். பாடம் நடத்தும் திருமதி ஹாஸ்கின்ஸ் அந்த விடையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். தன் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வரவர, ஷெல்பி மேசைக்கடியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்தால், வண்டி நிறுத்துமிடத்தில் தபிதா காத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பெவர்லியை வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லி மூணு வாரமாச்சு. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அவங்கதான் சொன்னாங்கன்னு உனக்கும் தோணுதா?"

ஷெல்பி புத்தகப்பையைக் கீழே வைத்தாள்.

"அவங்க இல்ல. நான்தான் அம்மாகிட்ட சொன்னேன்."

தபிதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஷெல்பிக்கு இருந்தது. தபிதா வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குச் சாப்பிடறப்ப எதிர்லதான உக்காந்திருந்தே," என்றாள். "எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதே, என்னால இப்ப குடுக்க முடியாது. அந்தம்மாவை மொதல்ல வேலைக்குத் திருப்பி அனுப்பு. ட்ராவிஸ்கிட்டயும் நீயே சொல்லு. என் வாயால சொல்ல வைக்காதே."

ஷெல்பி அங்கிருந்தே ஹாஸ்கின்ஸின் அறைக்குப் போனாள். எட்டு நாளில் விசாரணை நடந்தது. கல்லூரி அவளை நீக்கியது. பெவர்லியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஷெல்பி மன்னிப்புக் கேட்கப் போனபோது பெவர்லி நிமிர்ந்து பார்க்காமல் வரிசையில் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள். ஷெல்பி தன் வாயாலேயே சொன்னதைக் கேட்டபிறகு ட்ராவிஸ் தபிதாவோடு வாடகை வீட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

வான்டா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகுவலியால் படிப்பை நிறுத்திவிட்டதாகச் சொல்லவேண்டும் என்று ஷெல்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"நம்ம வீட்டு விஷயம் நம்மளோட இருக்கட்டும். ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்? ஒரு பொண்ணோட மானம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றாள்.

ஷெல்பி அம்மாவையே பார்த்தாள். அம்மா அதை மனதாரத்தான் சொன்னாள்.

அப்போது லொரெட்டா கூப்பிட்டாள். வான்டா தொலைபேசியை எடுத்து, பாவம், பிள்ளைக்கு முதுகுத்தண்டில் ஏதோ என்று ஆரம்பித்தாள். ஷெல்பி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு, லொரெட்டா. என்னை நீக்கிட்டாங்க. ஒருத்தரோட நோயை வெளிய சொன்னேன், அதுக்கு."

மறுமுனையில் மூச்சு வேகமாயிற்று. ஏற்கெனவே தெரிந்திருந்தும், யாருடையது என்று லொரெட்டா மெல்லக் கேட்டாள்.

"அதை இந்தத் தடவை சொல்லமாட்டேன்," என்றாள் ஷெல்பி.