குனியாமல் கடந்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பெர்த் நகரத்திலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது: "வீட்டுக்குள்ள போனேன். கூடத்துல உக்காந்திருந்த தாத்தாவத் தாண்டினேன். கேம் கிராஷ் ஆயிடுச்சு. இது ஏழாவது தடவ. அவருக்கு என் மேல என்ன கோவம்?"

அந்தத் தாத்தா என் அப்பா.

[இந்த இடத்தில் "அன்புள்ள வாசகரே" என்று எழுதி, அடித்துவிட்டேன். அறிமுகமில்லாதவர்களிடம் குழைவது எங்கள் குடும்ப வழக்கமில்லை.]

2

என் தம்பி மகள் எஸெத்தா ஆக்லாந்தில் வீடியோ கேம் செய்கிறாள். எங்கள் சமோவா வீடு ஒன்றில் நடக்கும் கேம். அதில் கூடத்துப் பாயில் அமர்ந்திருக்கும் குலத்தலைவருக்கு அப்பாவின் முகத்தை வைத்திருக்கிறாள். கேம் முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் எழுதும் பிழைகளைத் திருத்திக்கொண்டே போவது அவர்கள் தொழில்முறை. வேகாததை விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டு உப்பு போதுமா என்று கேட்பதுபோல. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

ஒரே வாரத்தில் முந்நூறு புகார். எல்லாம் அதே இடம்.

சமோவாக்காரர்கள் எங்களில், அமர்ந்திருப்பவர் முன்னால் கடந்து போகிறவர் குனிந்து "துலோவ்" என்று சொல்லிக்கொண்டே போவார். பொறுத்தருளுங்கள் என்று பொருள். வெளியீட்டுக்கு முன் எங்கள் தேவாலயச் சபை இளைஞர்கள் நாற்பது பேர் மூன்று மாதம் ஆடிச் சோதித்தார்கள். ஒருவர்கூடக் குனியாமல் கடக்கவில்லை. வெறும் பொத்தானை அழுத்தும் விளையாட்டில்கூட.

எனக்கு அதில் பெருமைதான். "குனியாதவன் விழட்டும். அது பிழையில்ல, பாடம்" என்றேன்.

"விழறது அவங்க இல்ல பெரியப்பா. என் கேம்."

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் கேமை விற்கும் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். அவளுடைய மூன்று வருட வேலை.

3

பிழைக்குக் காரணம் நான்.

யாராவது குனியாமல் கடந்தால் தலைவர் என்ன செய்வார் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். அப்பா விருந்தாளி எவரையும் கடிந்ததில்லை, எதுவும் வரையாதே என்று தடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாகவே இருந்தது. கேம் அதுவரை வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் செத்துப்போகிறது.

"தாத்தாவ நெஜமாவே யாரும் அப்படித் தாண்டினதில்லையா? அவரு என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க. அதையே போட்டுடறேன்."

4

ஒருவர் தாண்டினார்.

முதல் வரைவு: எனக்குப் பதினான்கு வயது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் பூட்ஸோடு நுழைந்து, அமர்ந்திருந்த பெரியவர்கள் நடுவே விறைப்பாக நடந்தார். அப்பா எழுந்து நின்றார். அந்த மனிதர் பின்வாங்கி

(ஐம்பது வருடமாக நான் சொல்லிவரும் கதை இது. அப்பாவை அடக்கம் செய்த அன்று சபையிலும் சொன்னேன். போதகர் என் கையைப் பற்றிக்கொண்டார்.)

இரண்டாம் வரைவு: அப்பா எழவில்லை. பாயை ஒரு முழம் இழுத்து வழிவிட்டு, "துலோவ்" என்றார். கடக்கிறவர் சொல்லவேண்டியதை அமர்ந்திருந்தவர் சொன்னார்.

அதைக் கோழைத்தனம் என்று அன்றைக்கே நான்

[இந்த வாக்கியம் முடியாது.]

5

இரண்டாவதைத்தான் எஸெத்தாவிடம் சொன்னேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் சொன்னேன். அவள் தொழில் கண்ணோடு கேட்டாள்: "அப்படிச் சொல்றப்ப தல குனிஞ்சிருந்தாரா, நிமிந்திருந்தாரா?"

குனிந்திருந்தால் பயம். நிமிர்ந்திருந்தால், அந்த மனிதர் கற்காத மரியாதையை அவருக்கும் சேர்த்து அப்பாவே செய்திருக்கிறார். வீட்டின் மானம் குலையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கழுத்தின் கோணம்தான் வித்தியாசம்.

எனக்குத் தெரியாது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, ரெண்டையும் வரையறேன். ஒவ்வொருத்தருக்கும் எது வரணும்னு கேமே சீட்டுக் குலுக்கிக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை திருத்தம் வெளியானது. இப்போது எவர் எப்படி நடந்தாலும் கேம் நிற்பதில்லை. நானும் ஆடிப் பார்த்தேன். அந்தக் கூடத்தை நெருங்கியதும் என் விரல் குனியும் பொத்தானுக்குத் தானாகப் போய்விடுகிறது. அப்பா எனக்கு மெல்லத் தலையசைக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் நிமிர்ந்தே நடக்கலாம். அவர் முகத்தைப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.