வெள்ளிக்கிழமைக் கத்தி

மற்ற நாட்களில் சத்தமே இல்லாமல் மயிரை எடுக்கிற கத்தி, வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் இழுக்கிறது என்று மலையாண்டிக்குப் பிடிபடவில்லை. அரிமளம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவன் சலூன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாதி பிளேடு செருகிய கத்திதான். பிளேடு ஒத்துக்கொள்ளாத நாலைந்து பேருக்காக மட்டும், காரைக்குடிப் பழைய சாமான் கடையில் வாங்கிய முழுக்கத்தியையும் தீட்டுக்கல்லையும் வைத்திருந்தான். வெண்ணெய் நிறத்தில் சோப்புக்கட்டி அளவில் இருக்கும் அந்தக் கல், எந்த மலையில் வெட்டியதோ தெரியாது. ஆனால் அதன் குணம் அவனுக்குத் தெரியும். எண்ணெய் ஆகாது, தண்ணீர்தான். வெயிலில் காயவைக்கக் கூடாது. காலையில் கடை திறந்ததும் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து படிய, பத்துப் பதினைந்து இழுப்பு. அன்றைய நாளுக்கு அது போதும்.

போன வெள்ளிக்கிழமை மச்சினன் வெற்றிசெல்வன் வந்து உட்கார்ந்தான். இந்த வெள்ளிக்கிழமை கறம்பக்குடியில் அவனுக்குக் கல்யாணம். பிளேடு பட்டால் தாடைக்குக் கீழே கொப்புளம் வந்து ஒரு வாரத்துக்கு அமுங்காது. அதனால் முழுக்கத்தியால் ஓர் ஒத்திகை. இரண்டாவது இழுப்பிலேயே கழுத்தில் ரத்தம் பொடித்துவிட்டது.

"மச்சான், என் கழுத்த அறுக்கப் பொண்ணு வீட்ல காசு கீசு வாங்கிட்டீங்களா?" என்றான் வெற்றிசெல்வன், கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி.

மலையாண்டி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வாட்ச் கடை மரியசெல்வத்திடம் லென்சை இரவல் வாங்கி வந்து கத்தியின் வாயைப் பார்த்தான். கோழி கிளறிய மண்போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். மறுநாள் காலை வழக்கம்போல் தீட்டினான், கீறல் போய்விட்டது. கல்தான் குழிந்துவிட்டதோ என்று அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் விரித்த எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். குழி இருந்தால் அந்த இடத்துக் கோடு மட்டும் அழியாமல் நிற்கும். எல்லாக் கோடும் ஒன்றாகவே அழிந்தன. தீட்டிய கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல் வாரை மாற்றினான். திங்கள் பார்த்தான், புதன் பார்த்தான், கத்தி குற்றம் சொல்ல முடியாமல் இருந்தது. காய்ச்சல் விட்ட அன்றைக்கு டாக்டரிடம் போய் நின்ற கதைதான்.

வியாழக்கிழமை மத்தியானம், கல்லையும் கத்தியையும் லென்சையும் வீட்டுக்கே எடுத்து வந்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே அவன் மனைவி கார்த்திகா, தம்பி பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டிய வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியில் விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். கறுப்பு இறங்கி வெள்ளி பளிச்சென்று வந்தது.

"அத இங்கிட்டு குடு" என்று வாங்கி, லென்சை வைத்துப் பார்த்தான். பளபளப்பு முழுக்கக் கோழி கிளறிய கீறல்.

"வெள்ளிக்கிழமை கடையில நீ என்னென்ன பண்ணுவ?"

"கூட்டுவேன். சாம்பிராணி போடுவேன். கண்ணாடி, சேரு, கத்தி, கல்லு எல்லாத்துக்கும் விபூதி பூசி பொட்டு வைப்பேன். ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பூசியதை அவனே காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தீட்டுவான். துடைத்தால் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தான்.

"விபூதி மேல பழி போடுறீங்களா? கத்தி புடிக்கத் தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் கத்தியை எடுத்தான். கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி, லென்சை அவளிடம் நீட்டினான். வாய் கண்ணாடிபோல் இருந்தது. பிறகு ஒரு சிட்டிகை விபூதியைக் கல்லில் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, தண்ணீர் விட்டு நாலு இழுப்பு இழுத்தான். அவள் மறுபடி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "சிமிழு மாதிரியே இருக்கு."

மாடு தின்ற வைக்கோலில் கண்ணுக்குத் தெரியாத மணல் உண்டு. அது சாணத்தில் வந்து, எரித்து விபூதியாக்கிய பிறகும் சாம்பலில் தங்கும். சாம்பலால் பாத்திரம் துலங்குவது அதனால்தான். இந்தக் கல்லின் துகளோ அதைவிட மிக நைசானது. துடைக்கிற துணி விபூதியை எடுப்பதற்குப் பதில் கல்லின் நுண்துளைகளில் அமுக்கிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் அது எழும்பி வந்து வாயைக் கீறுகிறது. மலையாண்டி பழைய டூத் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவி மறுபடி தீட்டினான். கீறல் இல்லை. "இனிமே கல்லுக்கு மட்டும் பூசாத" என்றான்.

ஆனால் கார்த்திகாவின் முகம் தெளியவில்லை. "சோறு போடுற கல்லு. அதுக்கு மட்டும் பூசாம விடச் சொல்றீங்க. அதுவும் எந்தம்பி கல்யாணத்தன்னைக்கு."

அவன் கல்லை அதன் மரப்பெட்டியில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வெற்றிசெல்வன் சேரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல்தான், வேன் வெளியே நின்றது. கார்த்திகா விபூதித் தட்டோடு வந்து கண்ணாடிக்கு வைத்தாள், சேருக்கு வைத்தாள். கல்லின் முன்னால் வந்து நின்றாள். மலையாண்டி அவளைப் பார்க்காமல் சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தான். அவள் சற்று யோசித்தாள். பிறகு கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த மரப்பெட்டியை மூடி, மூடியின்மேல் மூன்று விரலால் அழுத்திப் பட்டை இழுத்து நடுவில் பொட்டு வைத்தாள்.

அவன் தீட்டினான். வாரில் இழுத்தான். தாடைக்குக் கீழே, போன வாரம் ரத்தம் பொடித்த இடத்தில் கத்தியை இறக்கினான். நுரையோடு மயிர் வந்தது, சத்தம் வரவில்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையா மச்சான்? வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்" என்றான் வெற்றிசெல்வன், கண்ணைத் திறக்காமல்.

"பேசாத, தாடை ஆடுது" என்றாள் கார்த்திகா.

கல்லுக்குத் தண்ணீர் மட்டும். விபூதி பெட்டிக்கு.