மூன்று முழம் உள்ளே

ரொட்டி அறுக்கிற கத்தியால் பூந்தண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள் ருகேன். வீட்டின் பின்பக்கம் போர்வையைத் திரையாகக் கட்டி ஆண்கள் அவளுடைய அப்பா மீர்ஸாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் தோட்டம்வரை கேட்டது. அப்பனைக் கழுவுகிற நேரத்தில் மகள் இங்கே என்ன அறுவடை செய்கிறாள் என்று யாராவது எட்டிப் பார்த்தால் தீர்ந்தது கதை.

அந்த மலையில் இந்தப் பூவுக்கு ‘அழும் மணப்பெண்’ என்று பெயர். இடுப்புயரத் தண்டு, உச்சியில் தலைகவிழ்ந்து தொங்கும் சிவப்பு மணிகள், கூடவே நரி வாடை. பனி உருகியதும் சரிவெல்லாம் தானாகப் பூக்கும். தோட்டங்களில் ஊர்க்காரர்கள் அதை எல்லைக்கு நடுவார்கள். கல்லை எவனும் நகர்த்திவிடலாம். முழ ஆழத்தில் கிடக்கும் கிழங்கை நகர்த்துவது லேசில்லை.

லேசில்லைதான், ஆனாலும் அப்பா நகர்த்தியிருந்தார். போன இலையுதிர் காலத்தில், மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாத பருவம். பக்கத்துத் தோட்டத்துப் பெஸ்னா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கிழங்குகளைத் தோண்டி, அவள் பக்கம் மூன்று முழம் தள்ளி நட்டு, வேலியும் போட்டுவிட்டார். திரும்பி வந்தவள் ஊரைக் கூட்டினாள். அப்பா ரொட்டிமேல் கை வைத்து, எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று சத்தியம் செய்தார். ருகேன் நம்பினாள். நம்பியதோடு நின்றாளா? ஊற்றடியில் அத்தனை பெண்களுக்கு நடுவில், “மூணு முழ மண்ணுக்காக இப்படிப் பொய் சொல்றீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லையா அத்தை?” என்று கேட்டாள். பெஸ்னா குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள்.

பெயர்த்து நட்ட கிழங்கு முதல் வருஷம் இலை மட்டும்தான் விடும். மண்வெட்டிக்குத் தப்பி ஆழத்தில் தங்கிவிட்ட கிழங்கோ, கிடந்த இடத்திலேயே பூக்கும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இப்போது வேலியோரம் வெறும் இலை. வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று முழம் உள்ளே, கயிறு பிடித்து நட்டது மாதிரி, சிவப்பாக ஒரு வரிசை.

நகரத்து ஆஸ்பத்திரியில் அம்மாவும் ருகேனும் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அப்பாவை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நேற்று இருட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விடியலில் உயிர் போயிற்று. ஜன்னலைத் திறந்த ருகேனின் கண்ணில் முதலில் பட்டது இந்த வரிசைதான். அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. காதுவரை காந்தியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே முற்றத்துக்கு வந்துவிடும்.

அறுத்ததையெல்லாம் ரொட்டி சுடும் கொட்டகையில் ஒரு தொட்டிக்குள் போட்டுச் சாக்கால் மூடினாள்.

வெளியே வந்தால் எதிரே பெஸ்னா. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் ஒரு பாத்திரம் நிறையத் தயிர்க்கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

“உங்கம்மா வாயில ஏதாவது போட்டாளா?”

“இல்ல அத்தை.”

“நீயும் பட்டினியா? நல்லாருக்கு போ. யார் யாரைத் தாங்கறது?”

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் ஒரு நொடி அப்படியே நின்றாள்.

“கையைக் கழுவிக்கோ. நரி வாடை அடிக்குது.”

ருகேன் சோப்புப் போட்டாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை.

அப்பாவைக் கிடத்திப் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கை முற்றத்தில் இறக்கியபோது அம்மா கொட்டகையிலிருந்து வந்தாள். கை கொள்ளாமல் சிவப்புப் பூ.

“இங்க பாருங்க, யாரோ புண்ணியவதி அவருக்குன்னு அறுத்து வெச்சிருக்கா! இந்த வருஷத்துப் பூவைப் பார்க்காமலே போயிட்டாரே மனுஷன்!”

சந்தூக்கின்மேல் பரப்பினாள். மணிகளுக்குள்ளிருந்து தேன்நீர் சொட்டிப் பச்சைத் துணி நனைந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் பூவைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அறுபட்ட அடித்தண்டுகள் வரிசை குலையாமல் நின்றன. யாரோ செருமினார்கள். நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது ருகேனுக்கு.

அடக்கத்துக்கு எடுத்துப் போகுமுன் மூன்று தடவை கேட்பது வழக்கம். முல்லா கேட்டார்.

“மீர்ஸாமேல உங்களுக்கு இருக்கிற பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறீங்களா?”

“விட்டுக்கொடுத்தோம்!” என்றது கூட்டம்.

பெஸ்னாவின் உதடு அசையவில்லை.

இரண்டாம் தடவையும் கேட்டார். அசையவில்லை. சொல்லிவிடு, அத்தை சொன்னதுதான் நிஜம் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடு என்று ருகேன் தன்னையே நெருக்கினாள். வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

மூன்றாம் தடவை கூட்டத்தின் குரல் தாழ்ந்திருந்தது. அது அடங்கிய பிறகு பெஸ்னா தனியாகச் சொன்னாள்.

“நானும் விட்டுக்கொடுத்தேன்.”

ஆண்கள் சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் அம்மாவை உள்ளே அழைத்துப் போனார்கள். பெஸ்னா மட்டும் வாசலில் நின்றாள்.

“எதுக்குடி அறுத்தே? நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிறப்பவே பூத்தாச்சு. தினம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா அத்தை?”

“சாகக் கெடக்கிற மனுஷனைப் பத்தி என்னத்தச் சொல்ல?”

“அப்பாவை மன்னிச்சிட்டீங்க...” என்று ருகேன் ஆரம்பித்தாள்.

“அவருக்காக முல்லா கேட்டார்,” என்றாள் பெஸ்னா. செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். “உனக்காக யாரும் கேட்கலையே.”

சாயங்காலம் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு ருகேன் தோட்டத்து வழியாக நடந்தாள். அறுத்த தண்டுகளின் வரிசை வந்ததும் நின்றாள். வெட்டுவாய்களில் நீர் துளிர்த்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெஸ்னாவின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். காலியான கையை மெல்ல முகர்ந்து பார்த்தாள்.