நதிமாதிருக நிலம்

செய்யாறு ஜவ்வாது மலையேறி சுந்தரம்மாளின் சாமைக் கொல்லைக்கு வந்தது, பத்திரம் பதிவான பதினோராம் நாள், எட்டரை மணி பஸ்ஸுக்குப் பின்னாலேயே. அதே மலைமேல் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அது மேலே பார்ப்பதால் இதைக் கவனிக்கவில்லை.

காரணம், செங்கத்துப் பத்திர எழுத்தர் ஆதிநாராயணன். நதிமாதிருகம் என்றொரு சொல் உண்டு. ஆற்றைத் தாயாகக் கொண்டது என்று பொருள். ஆற்றுத் தண்ணீரில் விளையும் நிலத்துக்கு மட்டுமே சொல்லலாம். அதை ஒருதரமாவது எழுதிவிட வேண்டுமென்று இருபத்திரண்டு வருஷமாகத் தவித்தார். எழுதிப் பிழைக்கிற எங்களுக்கெல்லாம் உள்ள வியாதிதான். பாகப்பிரிவினையில் அண்ணன்மார் கழித்துப்போட்ட மேட்டுத் துண்டுக்காக சுந்தரம்மாள் வந்து உட்கார்ந்தபோது, மானாவாரி என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை. பெண்ணுக்கு நகை போட்டு அனுப்புவதைப் போல அந்தச் சொல்லைப் போட்டு அனுப்பினார்.

பிள்ளை இருப்பதாகப் பத்திரமே சொன்னபின் ஆறு சும்மா இருக்குமா. வந்தது; ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வரப்பைச் சுற்றியது, களத்துக்குப் போனது, வாசல்வரை வந்து திரும்பியது. காலில் தண்ணீர் நின்றால் சாமை அழுகும். இரண்டு வருஷம் அழுகியது. மிஞ்சியது ஒரு குண்டான் விதை. அதுவும் போனால் கொல்லையை விட்டுவிட்டு வெளியூர் பிழைக்கப் போகவேண்டியதுதான்.

"இன்னா சார் எழுதி வெச்சீங்க?" என்று சுந்தரம்மாள் செங்கத்தில் வந்து நின்றாள். ஆதிநாராயணன் தலையைச் சொறிந்துகொண்டு பிழைத்திருத்தப் பத்திரம் எழுதினார். அவள் பின்னாலேயே இறங்கிவந்த ஆறு, பதிவு அலுவலகப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"இதுல கையெழுத்து போட்டா அது இந்த நெலத்துக்கு யாரு சார்?"

"யாருமில்லீங்க."

சுந்தரம்மாள் பேனாவை மூடினாள். நிலம் தன் வீட்டுக்கு வந்த பெண் என்றால் ஆறு சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த தாய், உட்காரச் சொல்லாமல் சம்பந்தி வீட்டில் உட்காரமாட்டாள். இரண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை. வெளியே வந்தாள்.

"பயிருமேலயா நடப்பாங்க, சம்பந்தியம்மா? வாங்க, வூட்டாண்ட குந்துங்க. ஒரு வாய் துன்னுட்டுப் போங்க."

விதையில் பாதியைக் குத்திப் பொங்கினாள். ஆறு புளியமரத்தடியில் உட்கார்ந்து பானையோடு தின்றது. மீதிப் பாதியை விதைத்தாள், விளைந்தது.

ஆதிநாராயணன் இப்போது மானாவாரி என்று மட்டும் எழுதுகிறார். வருஷத்துக்கு ஒருமுறை விதைப்புக்கு ஆறு வருகிறது, ஒரு வாரம் மரத்தடியைவிட்டு நகராமல் இருக்கிறது, பிறகு சாயங்கால பஸ்ஸில் செங்கம் போகிறது. அன்றைக்குக் கண்டக்டர் முன்படியில் கோணிச்சாக்கு விரித்து வைக்கிறார்.